தோலின் திசை

துணி வெட்டத் தெரிந்தவருக்குத் தோல் வெட்டுவது எளிது என்று பலரும் எண்ணுகிறார்கள். துணி நெய்யப்படுவது, அதன் ஊடும் பாவும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீராக இருக்கும். தோல் வளர்வது. ஒரே தோலில் முதுகுப் பகுதி இறுகியிருக்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்திருக்கும். கழுத்துப் பகுதியில் சுருக்கங்கள் ஓடும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு திசையில் இழுத்தால் நீளும், மற்றொரு திசையில் இழுத்தால் நீளாது. அந்தத் திசையை அறிந்து கத்தி வைப்பதே காலணித் தொழிலின் முதற்படி. கடந்த எட்டு மாதங்களாக, கொல்கத்தாவின் பெஹாலாவில், டைமண்ட் ஹார்பர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அளவெடுத்துக் காலணி செய்து தரும் சிறு பட்டறை ஒன்றில் அந்த முதற்படியைக் கற்று வருகிறேன்.

மொழியியல் படித்தவருக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் முனைவர் பட்ட ஆய்வு கைத்தொழில் சொற்களைப் பற்றியது என்பது ஒரு காரணம். மற்றொன்று என் அப்பாவின் கால்.

எங்கள் ஊர் ஆம்பூர். அப்பா அங்கே ஒரு காலணித் தொழிற்சாலையின் கட்டிங் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை செய்தார். தோலை மேசைமேல் விரித்து, அதன்மேல் எஃகு டையை வைத்து, இயந்திரத்தை இறக்கினால் ஒரு துண்டு விழும். அவர் வெட்டிய துண்டுகள் காலணிகளாகிக் கப்பலேறின. வீட்டில் அவர் அணிந்தது ரப்பர் செருப்பு. நீரிழிவு வந்து பதினைந்து ஆண்டுகளான பின், இப்போது அவருடைய பாதங்களில் உணர்வு குறைந்துவிட்டது. இடக்கால் பெருவிரலின் அடிமூட்டு புடைத்து வெளியே தள்ளியிருக்கிறது. அளவு அளவாக உலகத்துக்கு வெட்டித் தந்தவருக்குக் கடையில் விற்கும் எந்த அளவும் பொருந்துவதில்லை.

உணர்விழந்த காலுக்குக் காலணியே பகையாகக்கூடும். உள்ளே ஒரு தையல் முண்டு உரசினால் நமக்கு வலிக்கும். காலை மாற்றி வைப்போம், காலணியைக் கழற்றுவோம். அவருக்கு வலிக்காது. உரசிய இடம் புண்ணாகி, அந்தப் புண் வளர்ந்த பிறகே கண்ணில் படும். இந்த உண்மையைத் தொழுநோயாளிகளின் கால்களிலிருந்து உலகுக்கு எடுத்துக்காட்டிய இடங்களுள் ஒன்று எங்கள் வேலூர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் கால்விரல்கள் அழிவதற்கு நோய் மட்டுமன்றி வலியற்ற காயங்களும் காரணம் என்று விளக்கினார். வேலூரிலும், 1955-இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையத்திலும் அறுவை மருத்துவத்தோடு செருப்புத் தைப்பதும் சிகிச்சையின் பகுதியாயிற்று. எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பை இன்று நீரிழிவு நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறார்கள். ஒரு செருப்பு ஒரு காலைக் காப்பாற்றும் என்பது எங்கள் பகுதியில் நெடுநாளைய செய்தி.

அப்பாவின் காலுக்குத் தேவையான காலணியில், புடைத்த மூட்டின்மேல் தையல் வரக்கூடாது. முன்பாகம் முழுவதும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். அந்தத் துண்டு விரலிலிருந்து குதிகால் நோக்கி நீளாமலும், குறுக்கே சற்று இளகியும் இருக்க வேண்டும். நெடுக்கே நீண்டால் சில வாரங்களில் காலணி தளர்ந்து கால் உள்ளே வழுக்கும். குறுக்கே இளகாவிட்டால் மூட்டு அழுந்தும். மடிக்கும் ஓரத்தை உட்புறமாகச் சீவி மெலிதாக்காவிட்டால் அங்கே மேடு தட்டும். இவற்றுள் பெரும்பாலானவை தையலுக்கு முன்பே, வெட்டும் பலகையிலேயே முடிவாகிவிடுகின்றன.

என் ஆசிரியர் பீகாரிலிருந்து இளம் வயதில் வந்தவர். பட்டறையில் அனைவரும் அவரை உஸ்தாத் என்றழைக்கிறார்கள். அவர் என்னை 'பேட்டி' என்பார். சுவரில் சந்த் ரவிதாசரின் படம் மாட்டியிருக்கிறது. தோலை ஊறவைக்கும் தொட்டிக்குள்ளேயே கங்கை வந்தது என்று கதை சொல்லப்படும் அந்தக் காசி ஞானியின் கையிலும் அதே தொழில்தான் இருந்தது. கொல்கத்தாவின் தோல் தொழில் இப்படி வெளியிலிருந்து வந்தவர்களால் ஆனது. டேங்ராவில் தோல் பதனிட்டவர்களும், பெண்டிங் தெருவில் காலணிக் கடை வைத்தவர்களும் ஹக்கா சீனர்கள். பெஹாலாவுக்கு மேற்கே, ஹூக்ளிக் கரையில், செக் நாட்டு நிறுவனம் ஒன்று 1934-இல் தொடங்கிய தொழிற்சாலையைச் சுற்றி எழுந்ததே பாட்டாநகர்.

ஆம்பூரையும் கொல்கத்தாவையும் இணைக்கும் ஓர் ஆண்டு உண்டு: 1996. அவ்வாண்டு ஆகஸ்ட் 28-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பர் 19-இல் அதே நீதிமன்றம் டேங்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதிகளின் ஆலைகளை நகருக்கு வெளியே செல்ல ஆணையிட்டது. அவற்றுக்கென அமைந்ததே பாந்தலா தோல் வளாகம். எங்கள் பட்டறைக்குத் தோல் அங்கிருந்துதான் வருகிறது. எங்கள் ஊர்க் கிணற்று நீரின் சுவையை அறிந்தவள் நான். இந்தத் தொழிலைப் புகழ்ந்து எழுதும்போது அந்த நீரை மறந்து எழுத என்னால் இயலாது.

முதல் மூன்று வாரங்கள் கத்தி தீட்டுவது மட்டுமே பாடம். கத்திகள் இரண்டு. அகன்ற வாயுள்ளது ராம்பி. இந்தியில் இப்பெயர், மராத்தியில் ராபி. ஓரம் சீவுவதற்கும் நேர்க்கோட்டு வெட்டுக்கும் அது. மெல்லிய கூர்முனைக் கத்தி வளைவுகளுக்கு. தொழிற்சாலைகளில் வெட்டும் வேலைக்குக் 'கிளிக்கிங்' என்று பெயர்; கத்தி தோலிலிருந்து விடுபடும்போது எழும் ஒலியால் அப்பெயர் வந்தது என்பர். கத்தியை நிமிர்த்திப் பிடித்து, அட்டை வார்ப்பின் ஓரத்தை ஒட்டி, ஒரே இழுப்பில் தன்னை நோக்கி வர வேண்டும். அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அசைத்தால் ஓரம் பிசிறும். வளைவில் கத்தியைத் திருப்புவதைவிடத் தோலைத் திருப்புவது நல்லது.

கத்தி வைப்பதற்கு முன் படிக்க வேண்டியது தோலை. உண்ணிக் கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, உரிக்கும்போது அடிப்புறத்தில் விழுந்த கத்திக்காயம், நரம்போடிய தடம் ஆகியவற்றைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட வேண்டும். தேர்ந்த இடத்தில் முன்பாகங்கள். அடுத்த தரத்தில் பக்கத் துண்டுகள். வெளியே தெரியாத நாக்கும் உட்பட்டையும் கடைசியில். வலக்காலும் இடக்காலும் ஒன்றுபோல் நீள வேண்டுமாதலால், முதுகெலும்புக் கோட்டின் இருபுறமும் எதிரெதிரான இடங்களில் இணைத் துண்டுகளை வெட்ட வேண்டும். இல்லையேல் ஓராண்டில் ஒரு கால் தளர்ந்து மற்றது இறுக்கமாகவே நிற்கும்.

"கண்ணால் பார்க்காதே பேட்டி, கட்டைவிரலால் பார்" என்பார் உஸ்தாத். இரு கட்டைவிரல்களுக்கும் இடையே தோலைப் பிடித்து மெல்ல இழுத்து, கையைச் சற்றே திருப்பி மீண்டும் இழுத்து, அது எங்கே மறுக்கிறது என்று அறிவது. இந்த நீட்சிக்குப் பட்டறையில் வழங்கும் வங்கச் சொல் 'டான்'. இழுப்பு என்பது அதன் பொருள். பாசத்தையும் வங்காளிகள் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

உஸ்தாத்தின் பாடங்களை அவருடைய இசைவோடு ஒலிப்பதிவு செய்து எழுத்தில் பெயர்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சுட்டுச்சொற்களே நிறைந்திருந்தன: இது, இங்கே, இப்படி, அதுவரை, இதற்குமேல் வேண்டாம். கருவிப் பெயர்களையும் உறுப்புப் பெயர்களையும் சேர்த்தால் என் சொற்பட்டியல் நூறைத் தாண்டவில்லை. என் கையிலிருக்கும் துண்டை அவர் சுட்டும்போதெல்லாம், தமிழகத்தில் வழக்கிழந்து யாழ்ப்பாணத்தில் மட்டும் உயிரோடிருக்கும் 'உது' என்ற சுட்டு நினைவுக்கு வந்தது. சுட்டுச்சொல்லுக்குப் பொருள் தருவது சுட்டும் விரல். பதிவில் குரல் இருந்தது, விரல் இல்லை. ஒரு தொழிலின் சொற்களைத் தொகுத்துவிட்டால் அந்தத் தொழிலின் அறிவைத் தொகுத்துவிட்டதாக நம் துறையில் ஓர் எண்ணம் உண்டு. இந்தப் பட்டறையில் அது செல்லாது.

எழுத்தில் அடங்காத அறிவை அறிவென்று கொள்ளாத வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தோல் தொடும் கைகளைப் பொறுத்தவரை சாதியும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. புறநானூற்றின் 82-ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு தொழிலாளியைக் காட்டுகிறார். ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. கட்டிலுக்கு வார் பிணிக்கும் அவன் கையில் ஊசி விரைகிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் அந்த ஊசியினும் விரைந்தது என்கிறார் புலவர். மன்னனின் வேகத்தை அளக்க அவருக்குக் கிடைத்த அளவுகோல் அந்தக் கை. ஆயினும் அக்கைக்குரியவனுக்குப் பாட்டில் வரும் பெயர் 'இழிசினன்'. உவமையில் உயர்ந்தவன் பெயரில் தாழ்ந்தே நிற்கிறான். எங்கள் உறவினர்கள் இன்றும் திருமணப் பேச்சின்போது அப்பா 'கம்பெனியில் வேலை செய்தவர்' என்றுதான் சொல்கிறார்கள். என்ன கம்பெனி என்று அவர்களாகச் சொல்வதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குச் சென்றபோது, அப்பாவின் காலுக்காக வெட்டிய இரண்டு முன்பாகங்களை எடுத்துச் சென்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை. ஒரு துண்டை எடுத்து இரு கட்டைவிரல்களுக்கும் இடையே பிடித்து, நெடுக்கே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு மற்றதை எடுத்து அப்படியே செய்தார். "ரெண்டும் முதுகு ஓரம்தான். எதிரெதிரா எடுத்திருக்கே" என்றார். பாதத்தில் உணர்வு குறைந்தவரின் கட்டைவிரலில் 27 ஆண்டுகள் அப்படியே இருந்தன. டையும் இயந்திரமும் வெட்டின என்றே இதுநாள்வரை நான் அறிந்திருந்தேன். டையை எந்தத் திசையில் வைப்பது என்பதை ஒவ்வொரு முறையும் முடிவு செய்தது அந்த விரல்தான் என்று அன்று அவர் சொல்லக் கேட்டேன். "அதுக்கு என்ன பேருப்பா?" என்றேன். "பேரு என்னம்மா பேரு, கை பார்க்கறதுதான்" என்றார்.

காலணி இன்னும் முடியவில்லை. அப்பாவின் பாதத்துக்கேற்பக் கட்டையில் தோலை ஒட்டி மூட்டு மேட்டை உயர்த்தும் வேலை நடக்கிறது. இதைப் படிப்பவர்களுள் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதியினர் இருப்பின், வீட்டில் தோல் வெட்டியவர்கள், தைத்தவர்கள், பதனிட்டவர்கள் இருப்பார்கள். அவர்கள் வழங்கிய சொற்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். முடிந்தால், அச்சொல்லைச் சொல்லும்போது அவர்கள் கை என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.