விறாந்தையில் ஒரு தேநீர்

கொழும்பு கறுவாத்தோட்டத்திலே ரோஸ்மீட் பிளேஸில் 'டின்டஜல்' என்றொரு சிறு ஹோட்டல் உண்டு. மொத்தமே பத்து அறைத்தொகுதிகள். இங்கிலாந்தின் கோர்ன்வால் கடற்கரையிலே, ஆர்தர் மன்னன் கருவுற்றதாகக் கதை வழங்கும் கோட்டையின் பெயரைக் கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சூட்டிய அக்காலத்துப் பெரிய மனிதரின் மனப்போக்கை எண்ணினால் சிரிப்பு வருகிறது. வீதியின் பெயர் மட்டும் என்ன வாழ்ந்தது! 1865 முதல் 1872 வரை இலங்கையைப் பரிபாலித்த தேசாதிபதி ஹெர்குலிஸ் ரொபின்சன் பிற்காலத்தில் பெற்ற பிரபுப் பட்டந்தான் ரோஸ்மீட்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன் ஒருநாள் மாலை என்னை அங்கு அழைத்துச் சென்றான். "ஒருக்கா வந்து பாருங்கோ மாமா, ஹோட்டல் மாதிரியே இராது" என்றான்.

அவன் சொன்னது மெய்தான். பெரிய ஹோட்டல்களில் நுழைந்ததும் நம்மை ஏற இறங்கப் பார்க்கும் பளிங்கு மண்டபத்தின் அகங்காரம் இங்கு இல்லை. யாரோ ஒரு ரசிகரின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்துவிட்டோம் என்ற மயக்கமே உண்டாகிறது. 1930 அளவில் ஒரு வைத்தியர் கட்டிய இவ்வீட்டை, இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே ஷாந்த் பெர்னாண்டோ என்னும் அலங்காரக் கலைஞர் ஹோட்டலாக மாற்றினார். கறுப்பும் வெள்ளையுமான கோடுகளில் அவருக்குள்ள மோகம் பிரசித்தமானது. சுவர்களில் ஓவியங்கள், பழைய தளபாடங்கள், எங்கும் ஓர் அமைதி. ஒரு தேநீரின் விலையைப் பார்த்தபோது என் அமைதி சற்றுக் குலைந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

விறாந்தையில் அமர்ந்தோம். தேநீர் கொண்டுவந்த இளைஞன் ஹற்றன் பக்கத்தவன். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே பேசலானான்.

"ஐயா, இந்த விறாந்தையிலதான் சுட்டாங்களாம். வாற ஆக்கள் எல்லாரும் அந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பாங்க."

1959 செப்டெம்பர் 25 ஆம் திகதி காலை. தம்மைக் காண வந்திருந்தோரிடையே காத்திருந்த பிக்கு ஒருவருக்குப் பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா வணக்கஞ் செலுத்தியபோது, அந்தக் காவி உடைக்குள்ளிருந்து துப்பாக்கி வெளிப்பட்டது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு அவர் மனைவி உலகின் முதற் பெண் பிரதமரானார். 1994 இல் மகள் ஜனாதிபதியானார். இத்தனையையும் பார்த்த வீட்டிலே நாங்கள் தேநீரில் சீனி கலக்கிக்கொண்டிருந்தோம்.

"தம்பி, வாசலைப் பற்றி யாராவது கேட்பதுண்டோ?" என்றேன்.

"வாசலா? இல்லையே, ஐயா."

1957 ஜூலை 26 இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். பிரதேச சபைகள் அமையும், வடக்குக் கிழக்கிலே தமிழ் நிர்வாக மொழியாகும் என்று ஏற்கப்பட்டது. 1958 ஏப்ரல் 9 ஆம் திகதி பெருந்திரளான பிக்குகள் இவ்வீட்டு வாசலில் வந்து அமர்ந்தார்கள். ஒப்பந்தம் ஒழிந்தது என்று எழுத்திலே வாங்கிக்கொண்ட பின்னரே எழுந்தார்கள். அடுத்த மாதமே கலவரம் மூண்டது.

அப்போது என் தந்தையார் கொழும்பிலே எழுதுவினைஞர். அகதி முகாமிலிருந்து கப்பலேற்றப்பட்டு, ஒரு தகரப் பெட்டியுடன் காங்கேசன்துறையில் இறங்கியவர். அதன்பின் அவர் இவ்வீதியின் பெயரை உச்சரித்ததில்லை. 'அந்த வீடு' என்றுதான் சொல்வார். ஆயினும் பண்டாரநாயக்கா சுடப்பட்ட செய்தி வந்த அன்று அவர் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். பஸ் சேவையும் கொழும்புத் துறைமுகமும் தேசியமயமானதும், குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க நெற்காணிச் சட்டம் வந்ததும் அம்மனிதரின் ஆட்சியிலேதான். தந்தையார் தொழிற்சங்கக்காரர். தம்மைக் கப்பலேற்றிய அரசையும் பஸ்ஸை மக்களுடைமையாக்கிய அரசையும் வேறுவேறாகக் காண அவரால் முடியவில்லை. அந்த வேதனையோடேயே அவர் காலமானார்.

இதையெல்லாம் அந்த இளைஞனிடம் நான் சொல்லவில்லை. அவனுடைய பாட்டனாரின் பிரசாவுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பறித்திருக்கவுங்கூடும். அவனுக்குச் சொல்லவும் ஒரு கதை இருக்கும். அவன் என் கோப்பையை மீண்டும் நிரப்பினான். தேநீர் நன்றாகவே இருந்தது. இருள் கவியும் அவ்வேளையில் விறாந்தையின் அழகு மனசைத் தொட்டது. இங்கு தங்குவோர் திரும்பத் திரும்ப வருவார்களென்றால் அதில் வியப்பில்லை.

புறப்படும்போது மருமகன் கமராவை எடுத்தான். "மாமா, அந்த இடத்தில நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்."

"வாசலில் எடு" என்றேன்.

"வாசலில என்ன கிடக்கு, மாமா?"

சொல்லத் தொடங்கினேன். கார் வெள்ளவத்தையை அடைந்தபோதும் சொல்லி முடியவில்லை.