ஒன்றை மாற்று, மற்றதைத் தொடாதே

ஒரு காரியம் சரிவரவில்லை என்றால் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் மாற்றிப்போடுவது நம்மில் அநேகருடைய பழக்கம். பிள்ளைக்குக் கணிதம் வரவில்லையா? ரியூசன் ஆசிரியரை மாற்றுகிறோம், பாடசாலையை மாற்றுகிறோம், கையிலிருந்த போனையும் பறித்து அலுமாரியில் பூட்டுகிறோம். அடுத்த தவணை புள்ளி கூடினால் எதனால் கூடியது என்று சொல்ல முடியாது. குறைந்தாலும் அப்படித்தான். திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்தியே தலை நரைத்தவன் நான். இந்தப் பழக்கத்தின் கெடுதியை எனக்கு விளங்கவைத்தவை எங்கள் கரையில் கிடக்கும் பைபர் படகுகள்தாம்.

இந்தப் படகுகள் பெரும்பாலும் 18 அடியிலிருந்து 23 அடி வரை நீளமானவை. அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், 15, 25 அல்லது 40 குதிரைவலு எஞ்சின் தொங்கும். பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொண்டு ஓடுவார்கள். உட்துறைமுகத்துக்குள் பெரும்பாலான நாட்களில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். கொட்டியாரக் குடாவைக் கடந்து ஃபவுல் முனைக்கு வெளியே போனதும் அதே படகு வேறு குணம் காட்டத் தொடங்கும். மகாவலி வந்து விழுகிற பக்கம் மணல் மேடு. கொஞ்சம் விலகினால் கடலடிப் பள்ளத்தாக்கு. ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை விதமான தண்ணீர் இருக்கும்போது, படகை ஒரு தடவை பூட்டிவிட்டு வருடம் முழுக்க அப்படியே ஓடலாம் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை.

ஒரு நாள் திருக்கடலூர்ப் பக்கத்துச் சம்மாட்டி, படகுச் சொந்தக்காரர், ஒருவர் வந்தார்.

"அண்ணை, அணியம் மேல தூக்குது. கடல் கொஞ்சம் எழும்பினா முன்னுக்கு ஒண்டும் தெரியுதில்ல. எஞ்சின் காணாது போல. பெரிசு ஒண்டு எடுப்பமோ?"

"எடுக்கலாம் தம்பி. அதுக்கு முன்னம் ஒருக்கா ஓடிப் பார்ப்பம்."

எஞ்சினைப் பின்பலகையில் கவ்விப் பிடிக்கும் இரும்பில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் ஒரு ஊசி செருகியிருக்கும். ஊசியைப் பின்பலகைக்குக் கிட்டவுள்ள துளைக்கு மாற்றினால் எஞ்சினின் கால் படகோடு ஒட்டி, படகின் முன்பக்கமான அணியம் தாழும். தூரத் துளைக்கு மாற்றினால் அணியம் உயரும். அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்தால் அலைக்குள் மூக்கைக் குத்தும், கைபிடி பாரமாகும். மிஞ்சி உயர்ந்தால் தட்டையான தண்ணீரிலேயே படகு எழும்பி எழும்பி விழும். சம்மாட்டி அந்த ஊசியை மாற்றத்தான் முதலில் கை வைத்தார். நான் தடுத்தேன். ஐஸ் பெட்டியும் எண்ணெய்க் கலன்களும் அமரத்தோடு ஒட்டி இருந்தன. ஊசியைத் தொடாமல் பெட்டியை மட்டும் நடுவுக்கு நகர்த்தி, கோணேசர் மலையை அடையாளம் வைத்து, அதே வேகத்தில் போய்த் திரும்பினோம். அணியம் இறங்கிவிட்டது. பெட்டியைப் பழையபடி பின்னுக்கு இழுத்துவிட்டு மறுபடியும் ஓடினோம். பழையபடி தூக்கியது. சந்தேகம் தீர்ந்தது. அவர் வாங்க நினைத்த பெரிய எஞ்சின் நிறை கூடியது. அதை அமரத்தில் ஏற்றியிருந்தால் படகு நிற்கும்போதே பின்பக்கம் இன்னும் அமிழ்ந்திருக்கும். கடன்பட்டு வருத்தத்தை வாங்கியிருப்பார்.

இதே பாடத்தைப் பனியில் படிக்கிறான் என் தம்பியின் மகன். கனடாவில் கல்கரியில் இருக்கிறான். குளிர்காலம் வந்தால் மலைப்பக்கம் போய் 'ஸ்னோ பைக்' ஓட்டுவது அவனுக்குப் பைத்தியம். காட்டுப்பாதையில் ஓடுகிற மோட்டார் சைக்கிளின் பின்சில்லைக் கழற்றிவிட்டு ரப்பர் பட்டியில் ஓடும் தொகுதியைப் பூட்டுகிறார்கள். முன்சில்லு இருந்த இடத்தில் சறுக்குப் பலகை. கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப் அர்மான்ட் பொம்பார்டியே 1959 இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'ஸ்கி-டூ' பனிவண்டிக்கு முன்னால் இரண்டு பலகைகள். ஸ்னோ பைக்குக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். வண்டியைச் சரித்துத் திருப்ப வேண்டியிருப்பதால் அந்த ஒற்றைப் பலகைதான் ஓட்டுகிறவனின் உயிர்நாடி.

அந்தப் பலகையில் இத்தனை நுணுக்கம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படகுக்கு ஏரா இருப்பதுபோல் அதன் அடியிலும் நீளவாட்டில் ஒரு முதுகு ஓடுகிறது. அந்த முதுகில் கடினமான உலோகக் கம்பி பதித்திருக்கும். முதுகு ஆழமாக இருந்தால் இறுகிய பனியில் நன்றாகக் கடித்துத் திரும்பும். ஆனால் முன்னே போன வண்டியின் தடத்துக்குள் மாட்டிக்கொண்டு, ஓட்டுகிறவன் நினைக்காத பக்கம் இழுக்கும். அகலமான பலகை புதுப்பனியில் அமிழாமல் மிதக்கும். இறுகிய பாதையில் திருப்பக் கை வலிக்கும். பலகையை ஃபோர்க்கோடு பூட்டும் இடத்தை முன்னுக்குத் தள்ளினால் நேரோட்டம் உறுதியாகும், திருப்பம் பாரமாகும். பின்னுக்குத் தள்ளினால் கை லேசாகும், முன்பக்கம் நிலைகொள்ளாமல் அலையும். ஒன்றைப் பெற்றால் இன்னொன்றைக் கொடுத்தே ஆகவேண்டும்.

போன குளிர்காலம் அவன் போனில் சந்தோஷமாகப் பேசினான். "பெரியப்பா, பலகையை மாத்திட்டன். ஃபோர்க் காத்தழுத்தத்தையும் கூட்டிட்டன். இப்ப நல்லாத் திரும்புது."

"எது திருப்பினது மகன், பலகையா காத்தா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தான். அடுத்த வாரமே பழைய பலகையைப் பூட்டிக் காற்றழுத்தத்தை மட்டும் வேறாக்கி ஓடிப் பார்த்தான். காற்றழுத்தம் பெரிய வித்தியாசம் எதையும் தரவில்லையாம். பலகைதான் வேலை செய்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு முறை வகுத்துக்கொண்டான். ஒரே பாதை, ஒரே ஆள், ஒரே வேகம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். ஓடி வந்ததும், கை விறைத்திருந்தாலும், கொப்பியில் இரண்டு வரி. கடைசியில் முதலில் இருந்த அமைப்புக்கே திரும்பிப் போய் இன்னொரு ஓட்டம்.

அந்தக் கடைசி ஓட்டத்தைப் பலர் தேவையில்லாத வேலை என்று விட்டுவிடுவார்கள். முழுப் பரீட்சையும் அதில்தான் நிற்கிறது. காலையில் இறுகிக் கிடந்த பனி வெயில் ஏற இளகிவிடும். பலகை நன்றாக வேலை செய்ததா, பனி இளகியதால் அப்படித் தோன்றியதா என்பதைப் பழைய அமைப்பில் மறுபடி ஓடினால்தான் பிரித்தறியலாம். எங்கள் கடலிலும் அதே கதை. விடியப் படுத்திருந்த கடல் மத்தியானக் காற்றில் எழும்பிவிடும். பழையதற்குத் திரும்பிப் பார்ப்பதைத் தோல்வியாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். புது வைத்தியம், புது வியாபாரம், புதுப் பழக்கம் எதுவானாலும், பழையது உண்மையிலேயே கெட்டதுதானா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறவனுக்குத்தான் புதியதன் பெறுமதி தெரியும்.

பனியும் கடலும் சேர்ந்து சொல்லித்தந்த இன்னொன்றும் உண்டு. குறை தெரிகிற இடமும் குறை பிறக்கிற இடமும் அநேகமாக வேறு வேறு. சம்மாட்டியின் படகில் தூக்கியது அணியம், காரணம் அமரத்துப் பாரம். ஸ்னோ பைக்கிலும் முன்பலகை பனியைச் சரியாக அழுத்தாவிட்டால், பின்பட்டித் தொகுதியை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் தண்டின் நீளத்தையும் பார்க்கச் சொல்கிறார்கள். அதைக் கொஞ்சம் மாற்றினால் பாரம் முன்னுக்கோ பின்னுக்கோ நகரும். நோயைக் கண்டால் அதன் முதலைத் தேடு என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொன்னது உடம்புக்கு மட்டுமல்ல. வகுப்பில் சண்டை பிடிக்கிற பிள்ளையை வகுப்பில் மட்டும் திருத்த முடியாது. வீட்டில் யார் யாரோடு கதைப்பதில்லை என்று பார்க்க வேண்டும்.

சரி, இப்படிப் பொறுமையாக ஒவ்வொன்றாய்ச் சோதித்தால் கடைசியில் எல்லாருக்கும் பொருந்தும் ஒரு அமைப்புக் கிடைத்துவிடுமா? கிடைக்காது. இதை 150 வருடங்களுக்கு முன்னரே ஒருவர் நிரூபித்திருக்கிறார். இங்கிலாந்துப் பொறியியலாளர் வில்லியம் ஃபுரூட் 1867 இல் டார்ட் ஆற்றில் மாதிரிக் கப்பல்களை நீராவிப் படகோடு கட்டி இழுத்துப் பார்த்தார். இரண்டு வடிவங்கள். ஒன்றுக்கு முனை கூரியது, பெயர் 'ரேவன்'. மற்றதற்கு முனை மழுங்கியது, பெயர் 'ஸ்வான்'. ஒவ்வொன்றிலும் 3, 6, 12 அடி என மூன்று அளவு. வடிவத்தை ஒப்பிடும்போது அளவை மாற்றவில்லை, அளவை ஒப்பிடும்போது வடிவத்தை மாற்றவில்லை. கூரிய முனைதான் தண்ணீரை இலகுவாகக் கிழிக்கும் என்பது அந்தக் காலத்துப் பெரியவர்களின் முடிவு. குறைந்த வேகத்தில் ரேவனுக்குத் தடை குறைவாகத்தான் இருந்தது. வேகம் கூடியபோது மழுங்கிய ஸ்வான் முந்திவிட்டது. ஆக, எது நல்ல வடிவம் என்ற கேள்வியோடு 'எந்த வேகத்துக்கு?' என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். இதன் பிறகுதான் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் அவருக்குப் பணம் கொடுத்து டோர்க்கீ நகரில் சோதனைத் தொட்டி கட்ட உதவியது. 1957 வரை எங்கள் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற கடற்படையும் அதுவே.

'எதற்கு?' என்று கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்களே கண்டோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரையோரமெங்கும் உதவிப் படகுகள் வந்து இறங்கின. கொடுத்தவர்களின் மனசு நல்லது. ஆனாலும் கடலுக்குத் தகுதியில்லாத படகுகளும் அவற்றுள் கலந்திருந்தன. எந்தக் கரை, என்ன தொழில், எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்காமல் கொடுக்கிற நல்ல பொருளும் மணலில் கிடந்து வெடித்துப்போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை லண்டனில் படித்து முன்னேறினான் என்று நம் பிள்ளையையும் அதே வழியில் தள்ளுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்த அலையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்த சண்டையும் எங்களுக்கு வேறொன்றையும் காட்டின. வாழ்க்கை எப்போதும் ஒவ்வொன்றாக மாற்ற அவகாசம் தராது. வீடு, தொழில், ஊர், உறவு எல்லாம் ஒரே நாளில் போனவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அப்படிப்பட்ட நேரத்தில்தான் கைக்குள் இருக்கிற சிறியதை மாற்றாமல் வைத்திருப்பது பெரிய காரியம். முகாமில் இருந்தபோதும் விடிய எழும்பி முற்றம் கூட்டிய பெண்களைக் கண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் ஆடும்போது ஆடாமல் நிற்கிற ஒன்று இருந்தால்தான் எது எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கலாம். புதுமணத் தம்பதிகளுக்கும், வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதைத்தான். எல்லாவற்றையும் புதிதாக்கிக்கொண்டு போகாதீர்கள். பழைய பழக்கம் ஒன்றையாவது கூடக் கொண்டுபோங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருப்பதற்கு மனத்திடம் மட்டும் போதாது, ஒரு கொப்பியும் வேண்டும். நினைவு நமக்கு வேண்டியவர் பக்கம் சாயும். காசு கொடுத்து வாங்கிய பொருள் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் அது எப்போதும் சாட்சி சொல்லும். எழுதி வைத்த வரி அப்படிச் சாயாது.

எனக்கும் இந்த வயதில் நித்திரை குறைந்துவிட்டது. மெத்தையை மாற்று, குளிசை எடு, இரவுச் சோற்றை விடு, பின்னேரத் தேத்தண்ணியை நிறுத்து என்று வீட்டில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். நான் தேத்தண்ணியை மட்டும் நிறுத்தினேன். கொப்பியில் மாற்றம் ஒன்றும் பதியவில்லை. தேத்தண்ணியைத் திரும்பத் தொடங்கிவிட்டு, மத்தியானம் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்வதை மட்டும் விட்டேன். இரவு ஒன்பதரைக்கே கொட்டாவி வந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு கிழமை பகல் நித்திரையைத் திரும்பவும் கொண்டேன். நித்திரை மறுபடி போனது. குற்றவாளி அகப்பட்டான். தேத்தண்ணி நிரபராதி என்று வீட்டுக்காரிக்குக் கொப்பியைக் காட்டியே வாதாடி, இப்போது பின்னேரம் இரண்டு கோப்பை குடிக்கிறேன்.