வாட்பிடி சொல்லும் வரலாறு

பழைய வாளொன்றை எவரேனும் நம் கையிற் கொடுத்தால், நாம் முதலில் அதன் அலகையே நோக்குகின்றோம். கூரையும் வளைவையும் கண்டு வியக்கும் வேளையில், நம் விரல்கள் பற்றியிருக்கும் பிடியை மறந்து விடுகின்றோம். பிலிப்பைன் தீவுகளின் பழைய வாள்களைப் பொறுத்தவரை இது பேரிழப்பாகும். அலகு தான் பிறந்த தீவைச் சொல்லும். பிடியோ அதனை ஏந்தியவன் எத்தகையவன் என்பதையும் சொல்லிவிடும்.

அலகின் சேதியை விரைவிற் கூறிவிடுவோம். தெற்கே சூலு, மிந்தனாவோ தீவுகளில் வாழும் மோரோ முஸ்லிம்களிடம் மூன்று வாள்கள் புகழ் பெற்றவை: பாம்புபோல் நெளிந்தோ நேராகவோ அமைந்து இருபுறமும் கூருடைய கிரீஸ், இலை வடிவான பரோங், நுனியை நோக்கி அகன்று செல்லும் நெடிய கம்பிலான். நடுவிலுள்ள விசாயத் தீவுகளின் வாள்களிற் பல ஒரு பக்கம் தட்டையாகவும் மறு பக்கம் மட்டும் சரிவாகவும் தீட்டப்பட்டிருக்கும். தச்சனுடைய உளியை நினைத்துக் கொண்டாற் போதும். 1521 ஏப்ரல் 27ஆந் திகதி மக்டான் கரையில் மகெல்லனின் இடக் காலை வெட்டியது, வளைவாளைப் போன்றதும் அதனினும் பெரியதுமான ஓர் ஆயுதம் என்று உடன் சென்ற பிகபெத்தா எழுதி வைத்தான். அது கம்பிலானே என்று அடித்துக் கூறுவார் பலர். எமக்கு அத்துணைத் துணிவில்லை.

இனிப் பிடிக்கு வருவோம். கம்பிலானின் பிடி வாய் பிளந்த விலங்கொன்றைப் போல முடியும். பரோங்கிலும் கிரீசிலும் கொண்டையும் அலகுமாய்க் கொக்கட்டூக் கிளியின் தலை தோன்றும். விசாயத் தீவுகளிலே பல்லிளிக்கும் பூத முகங்களையும் காணலாம். வடிவத்தை எவரும் பார்த்துச் செய்துவிடலாம். பொருள்தான் ஆளைக் காட்டும். கமகோங் என்னும் கரிய மரம் நம் நாட்டுக் கருங்காலியின் இனத்தது. கனமும் வழவழப்பும் அதே போன்றவை. செந்நிறமான நார்ரா மரம் வேங்கைக்கு உறவு. எருமைக் கொம்பு ஏடேடாய்ப் பிளக்கும். அதனைப் பூச்சியும் அரிக்கும். அந்தச் சிறு பள்ளங்களைக் கண்டு முகஞ் சுளிப்போர் உளர். அவை பிளாஸ்டிக்கில் விழா என்பதை அவர்கள் மறந்தனர். தந்தமும் வெள்ளியும் தாத்து எனப்படும் தலைவர்க்கும் செல்வர்க்கும் உரியவை. தந்தத்தின் வெட்டு முகத்திலே ஒன்றையொன்று குறுக்கிடும் வளைகோடுகள் தெரியும். எலும்பிலோ கரும்புள்ளிகளும் நுண்கீறல்களுமே தெரியும். பழுக்கக் காய்ச்சிய ஊசியாற் குத்தி மணம் பார்ப்பாரும் உண்டு. நோயாளியைக் கொன்று நோயறிவதற்கு இஃது ஒப்பாகும். பூதக்கண்ணாடியும் சாய்ந்து விழும் வெளிச்சமுமே போதுமானவை.

ஆனால், பிடியும் அலகும் ஒரே வயதினவாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. அலகின் வாற்பகுதியைப் பிடியின் துளையிற் செருகி மரப்பிசினால் ஒட்டுவது அங்குள்ள வழக்கம். சூடு காட்டினாற் பிசின் இளகும். பிடி கழன்று வரும். ஆதலின் பாட்டனின் அலகுக்குப் பேரன் புதுப்பிடி இட்டான். வெடித்த பிடியைப் பிரம்பாற் பின்னி இறுக்கினான். இவை நேர்மையான மாற்றங்கள். அவையும் வாளின் சரித்திரமே. வியாபாரி செய்வது வேறு. எளிய உழவனின் மரப்பிடியைக் கழற்றி எறிந்து, வேறெங்கோ உடைந்த வாளின் தந்தப் பிடியைப் பொருத்துகின்றான், விலை பன்மடங்காகின்றது. உழவன் அங்கே மறைந்து போகின்றான். உள்ளங்கை பட்டுத் தேய வேண்டிய இடத்தில் தேய்வின்றி, படாத இடத்தில் மட்டும் பளபளக்கும் பிடியைக் கண்டால் ஐயுற வேண்டும். தந்தத்திற்கு வேறு தொல்லையும் உண்டு. யானைகளைக் காக்கும் பொருட்டு 1989இல் அதன் சர்வதேச வியாபாரம் தடை செய்யப்பட்டது. பழந்தந்தமாயினும் பத்திரமின்றி எல்லை கடத்தல் குற்றமாகலாம்.

இவ்வாயுதங்களைப் பற்றி விரிவாக எழுதியவருள் ஹேர்பேட் கிறீகர் ஒருவர்; ஐக்கிய அமெரிக்க தேசிய நூதனசாலையிலுள்ளவற்றை விவரிக்கும் அவருடைய நூல் 1926இல் வெளிவந்தது. அத்தனை வாள்கள் கடல் கடந்த வகையை நினைத்தல் வேண்டும். 1899இல் தொடங்கிய போரிற் சென்ற அமெரிக்கப் போர்வீரர் பலர் வாள்களை நினைவுப்பொருளாகத் தம் ஊருக்குக் கொண்டு சென்றனர். சிலர் உறையின் மீது இடத்தையும் ஆண்டையும் மையால் எழுதினர். கறள் போக்குகின்றோம் என்று உரத்தாளால் தேய்ப்போர் அவ்வெழுத்தையும் சேர்த்தே அழித்து விடுகின்றனர்.

சமார்த் தீவிலுள்ள பலங்கிகா என்னும் ஊரில், 1901 செப்டெம்பர் 28ஆந் திகதி, தேங்காயும் விறகும் வெட்டும் போலோக் கத்திகளுடன் ஊரவர் அமெரிக்கப் படையினரைத் தாக்கி நாற்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். பழிவாங்கலில் அத்தீவின் ஊர்கள் எரிந்தன. கோவில் மணிகள் மூன்றைப் படையினர் எடுத்துச் சென்றனர். 2018 டிசெம்பரில் அம்மணிகள் திரும்பி வந்தன. மணியைக் கேட்பதற்கு ஒரு கோவில் இருந்தது. கத்திக்கு உரியவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. மரப்பிடியில் அவனுடைய பெருவிரல் தேய்த்த பள்ளமே உண்டு. அத்தகைய பிடியைக் கழற்றுவோரிடம் நாம் வாள் வாங்குவதில்லை.