கடைமடைக்கு வை-ஃபை

வீட்டில் இன்டர்நெட் மெதுவாக இருந்தால் முதலில் கம்பெனிக்காரரைத் திட்டுகிறோம். அப்புறம் மாசம் கொஞ்சம் அதிகம் கொடுத்துப் பெரிய ப்ளானுக்கு மாறுகிறோம். இரண்டுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். செல்போனை எடுத்துக்கொண்டு வை-ஃபை பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு வீட்டின் கடைசி அறையில் போய் அளந்து பாருங்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே மெதுவென்றால் குற்றம் லைனில், தாராளமாகத் திட்டலாம். பக்கத்தில் வேகம், கடைசியில் சோகம் என்றால் குற்றம் வீட்டுக்குள் இருக்கிறது.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். 'கடைமடை' என்றாலே போதும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூரில் திறக்கிற தண்ணீர், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போய்ச் சேர வேண்டும். அணையில் எத்தனை அடி இருந்தாலும் கடைசி வயலுக்கு வந்து சேர்ந்ததுதான் கணக்கு.

திருவையாறு பக்கம் என் அத்தை வீடு பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளும். நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன், கேபிள் நுழைகிற ரேழியிலேயே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு அதுதான் சுலபம். அத்தைக்கு வயசு 78. முழங்கால் வலி, இரண்டாங்கட்டோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து பேரன் வீடியோவில் வருவான்.

"எங்கிட்ட பேசறப்ப மட்டும் வாயைத் திறந்தபடி அப்படியே நின்னுடறான்டா" என்பார் அத்தை. பொறுக்காமல் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைப் பிடித்து, வாசற்படிகளைத் தாண்டி ரேழிக்கு வருவார். அந்த வயசில் படி தடுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். இது வெறும் மெகாபிட் சமாச்சாரம் இல்லை.

அத்தை இன்னொன்றும் சொன்னார்: "தை, மாசி வந்தா நெட் இன்னும் படுத்துடுது." எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கக் கூடாது. சம்பா அறுவடை முடிந்ததும், கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை அத்தை வீட்டுக் கூடத்தில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். நெல்லில் ஈரம் உண்டு. கொள்முதலுக்குப் பொதுவான வரம்பே 17 சதவிகிதம். மழை பெய்தால் அதையும் தளர்த்துவார்கள். வை-ஃபைக்கும் தண்ணீருக்கும் ஆகாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய ஒரே அலைவரிசை. அடுப்பில் சோறு அலையை உறிஞ்சிச் சூடாகிறதே, அதே மாதிரி மூட்டையும் உறிஞ்சுகிறது. சக்தி மிகக் குறைவு என்பதால் சூடு தெரிவதில்லை. சிக்னல்தான் காணாமல் போகிறது. தானியத்துக்குள் மைக்ரோவேவைச் செலுத்தி, எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்று பார்த்து ஈரப்பதத்தை அளக்கும் கருவிகளே இருக்கின்றன. அத்தை வீட்டுக் கூடமும் அப்படி ஒரு கருவிதான்.

அடுத்தது சுவர். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ், கம்பியில்லாமல் அலைகளை அனுப்பிச் சுவர்களுக்கு அப்பால் ஒரு மணியை அடித்துக் காட்டினார். அலை சுவரைத் தாண்டும். ஆனால் ஒவ்வொரு சுவரும் சுங்கம் வசூலிக்கும். ஆண்ட்ராய்டு போனில் இலவச ஆப்கள் சிக்னலை மைனஸ் கணக்கில் காட்டும். மைனஸ் 50 அமர்க்களம். மைனஸ் 67 வரை வீடியோவில் பேசலாம். மைனஸ் 80-ல் பேரன் உறைந்துவிடுவான். பத்து இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்கு. அதாவது 50-க்கும் 80-க்கும் வித்தியாசம் ஆயிரம் மடங்கு.

வைத்தியத்துக்கு வருவோம்.

முதலில், பெட்டியை இடம் மாற்றுங்கள். நடுவீட்டில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில். பீரோ, நிலைக்கண்ணாடி, டிவிக்குப் பின்புறம் வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். அத்தை வீட்டில் அதே பையனைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, கேபிளை நீட்டி, முற்றத்துத் தூணில் சாரல் படாத பக்கமாக மாட்டச் சொன்னோம். முற்றம் என்பது வெறும் காற்று. அலைக்கு அதைவிட நல்ல பாதை கிடையாது. இரண்டாங்கட்டில் மைனஸ் 82 இருந்தது 63 ஆயிற்று. பேரன் இப்போது வாயை மூடுகிறான்.

இரண்டாவது, உங்கள் பெட்டியில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கலாம். இந்தியாவில் முன்னதற்கு 2005-லும், பின்னது முழுசாக 2018-லும் லைசென்ஸ் தேவையில்லை என்று ஆயிற்று. 5 வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். 2.4 நிதானம், தூரம் போகும். பெட்டி இருக்கும் அறைக்கு 5, பின்கட்டுக்கு 2.4. அடுக்குமாடியில் 2.4-ல் அக்கம்பக்கத்துக் கூட்டம் அதிகம். 1, 6, 11 சேனல்களில் எது காலியோ அதற்கு மாறுங்கள்.

மூன்றாவது, ரிப்பீட்டர். பலர் இதை சிக்னலே இல்லாத அறையில் செருகுகிறார்கள். தன் காதில் விழாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் வையுங்கள். அப்போதும் சாதாரண ரிப்பீட்டர் கேட்பதற்குப் பாதி நேரம், சொல்வதற்குப் பாதி நேரம் என்று செலவழிப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

எதற்கும் மசியாத வீடென்றால் வாய்க்கால் வெட்டிவிட வேண்டியதுதான். லான் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பின்கட்டு வரை இழுத்து, முனையில் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக மாட்டுங்கள். பரணில் கிடக்கும் பழசே பெரும்பாலும் போதும். சுவரென்ன, நெல் மூட்டையென்ன, கேபிளுக்குக் கவலையில்லை.

புதிதாக கனெக்‌ஷன் கொடுக்க வருகிறவர், "எங்க சார் மாட்டறது?" என்று கேட்பார். கேபிள் நுழையும் இடத்தைக் காட்டாதீர்கள். நடக்க முடியாதவரின் கட்டிலையும், ஆன்லைனில் படிக்கிற பெண்ணின் மேஜையையும் காட்டி, "அங்க வரைக்கும் தண்ணி பாயணும்" என்று சொல்லுங்கள். தஞ்சாவூர்ப் பிள்ளையாக இருந்தால் மறுகேள்வி கேட்க மாட்டார்.