பிடி

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகச் சேர்வதற்கு முந்தைய பத்து நாள்களை என் தங்கை பெங்களூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கழித்தாள். திருச்சியில் நான்கு ஆண்டுகள் பொது வார்டில் பணியாற்றியவள். அவளுடைய நோட்டில் இடப்பக்கம் சுருக்கச் சொற்கள், வலப்பக்கம் விளக்கம். 'பீப்' என்பது மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கிவிடாதவாறு வென்டிலேட்டர் தக்கவைக்கும் அழுத்தம். 'மேப்' என்பது சராசரித் தமனி அழுத்தம். கேள்வி கேட்பது என் பொறுப்பு. திராவிட மொழியியல் ஆய்வாளனுக்கு இவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்றுதான் எண்ணியிருந்தேன்.

சுருக்கங்கள் மூன்றே நாளில் அவளுக்கு வசமாயின. இடறியது கிளாஸ்கோ அளவுகோலில்.

1974இல் டீஸ்டேலும் ஜென்னட்டும் லான்செட் இதழில் வெளியிட்ட அளவுகோல் அது. (இந்நகரின் நிம்ஹான்ஸ் உருவானதும் அதே ஆண்டில்தான், தற்செயல்.) இன்றைய வடிவில் கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என உச்சம் 15, எதற்கும் எதிர்வினை காட்டாதவருக்கும் 3 உண்டு. அசைவில் 6 பெற, நோயாளி சொன்னதைச் செய்ய வேண்டும். எந்த மொழியில் சொன்னதை என்று அட்டவணையில் இல்லை. பேச்சிலும் அப்படியே. ஒருவர் தெலுங்கில் தன் ஊரைத் தெளிவாகச் சொல்ல, அது செவிலியர் காதில் வெறும் முனகலாக விழுந்தால் 5 என்பது 2 ஆகிவிடும். எண் குறைந்தால் நள்ளிரவில் மருத்துவரை எழுப்ப வேண்டும். தலையை மீண்டும் ஸ்கேன் எடுக்க நேரலாம்.

ஆகவே கட்டளைகளைக் கன்னடத்தில் எழுதிக்கொண்டாள், தமிழ் எழுத்தில். 'உசிரு பிடி' என்று எழுதியிருந்ததை மறுநாள் அவளே 'மூச்சைப் பிடி' என்று படித்தாள். பொருள் நேர் எதிர்: மூச்சை விடுங்கள்! தமிழின் மொழிமுதல் வகரம் கன்னடத்தில் பகரமாகும். வா 'பா' ஆனதுபோல் விடு 'பிடு' ஆயிற்று. நம் பகரமோ அங்கே ஹகரம்; பால் ஹாலு, பத்து ஹத்து, பிடி 'ஹிடி'. முதல் பருவத்திலேயே நான் மனப்பாடம் செய்த விதிகள் இவை. இவற்றால் ஒருவருடைய மதிப்பெண் மாறக்கூடும் என்று நினைத்ததே இல்லை.

கையைப் பற்றச் சொல்வதில் சிக்கல் இன்னும் கூடுதல். உள்ளங்கையில் விரலை வைத்தாலே அனிச்சையாகப் பற்றிக்கொள்ளும் நோயாளிகள் உண்டு. அதனால் பிடிக்கவும் சொல்ல வேண்டும், விடவும் சொல்ல வேண்டும். இரண்டு மொழிகளும் குறுக்கிட்டுக்கொள்ளும் இடமே அதுதான். மாடி வீட்டுக் கன்னட அம்மாவைச் சோபாவில் படுக்கவைத்து ஒத்திகை பார்த்தோம். தங்கை பழக்கத்தில் "கை பிடிங்க" என்றாள். அதுவரை அவள் விரல்களைப் பற்றியிருந்த அம்மா உடனே விட்டுவிட்டார்.

"ஆறு இல்லைன்னு எழுதியிருப்பேனே, அண்ணா," என்றாள். அன்று அவள் அதற்குமேல் படிக்கவில்லை.

நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, 'ஹிட்கொள்ளி – பற்றுங்கள். பிடி – விடுங்கள்' என்று எழுதி, பகரத்தின் கீழே ஒரு கோடும் இழுத்தாள்.

முதல் இரவுப் பணி முடிந்த காலை, பேருந்திலிருந்து ஒரு செய்தி அனுப்பினாள்: "பிடிச்சார், சொன்னதும் விட்டார். ஆறு."