டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெருங்காயம் கொஞ்சம்தான். மீதி மைதாவோ அரிசி மாவோ, கோந்தோ. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே சாம்பாரைத் தொட முடியும். மென்பொருளும் இப்படிப்பட்ட கலவைதான். ஆனால் அந்த டப்பாவின் மேல் பெரும்பாலும் எதுவும் அச்சிட்டிருக்காது.

இது எனக்கு உறைத்தது 2021 டிசம்பரில். புனேயில் ஔந்த் பகுதியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேருக்குக் கம்ப்யூட்டர் வேலை. டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. அன்றிரவு பல ஜன்னல்களில் விடிய விடிய விளக்கு எரிந்தது. காரணம், லாக்4ஜே.

ஜாவா மொழியில் எழுதிய புரோகிராம்களில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் கணக்கப்பிள்ளை அது. அபாச்சி அறக்கட்டளை இலவசமாகத் தருகிறது, பராமரிப்பவர்களோ தன்னார்வலர்கள். 2013-ல் அதில் சேர்த்த ஒரு வசதியால் வந்தது வினை. குறிப்பிட்ட வடிவில் ஒரு வரியை அனுப்பினால், கணக்கப்பிள்ளை அதை எழுதி வைப்பதோடு நிற்காமல், வரியில் சொன்ன வெளிக் கம்ப்யூட்டருக்குப் போய் அங்குள்ள புரோகிராமைக் கொண்டுவந்து இயக்கிவிடுவார். நவம்பர் 24-ல் சீனாவின் அலிபாபா நிறுவனப் பொறியாளர் ஒருவர் இதை அபாச்சிக்குத் தெரிவித்தார். அபாயத்துக்கு 10-க்கு 10 மதிப்பெண் கிடைத்தது.

நான் இருந்த குழு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளைப் பராமரித்து வந்தது. நாங்கள் யாரும் லாக்4ஜேயைச் சேர்க்கவில்லை. ஆனாலும் இருந்தது. அறிக்கை அச்சிட வாங்கிய ஒரு பகுதிக்குள் இன்னொரு பகுதி, அதற்குள் இது. திருத்திய பதிப்பை மாற்ற ஒரு மணி நேரம். எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேட மூன்று வாரம்.

கீழ்வீட்டு மராட்டியப் பெரியவர், எல்லோருக்கும் அவர் காகா, விஷயத்தைக் கேள்விப்பட்டு என்னை நிறுத்தினார். “உங்களுக்கே தெரியாமல் உள்ளே என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? என் பென்ஷன் பணம் பத்திரமா?” என்றார்.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. ஔந்திலிருந்து சிவாஜிநகர் போகும் கணேஷ்கிண்ட் சாலையில்தான் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் தலைமையகம். 2018 ஆகஸ்டில் அங்கே சுமார் 94 கோடி ரூபாய் பறிபோனது. அது வேறு வகைத் திருட்டு. ஏடிஎம் கோரிக்கைகளுக்கு அனுமதி தரும் இடத்தில் கெட்ட புரோகிராம் புகுந்து போலிக் கார்டுகளுக்கு ‘சரி’ சொன்னது. 28 நாடுகளில் பணம் எடுத்தார்கள். வாடிக்கையாளர் கணக்குகளுக்குப் பாதிப்பில்லை என்று வங்கி சொன்னது. ஆனாலும் காகா போன்றவர்களுக்கு அன்று போன தூக்கம் முழுசாகத் திரும்பவில்லை.

அவருடைய முதல் கேள்விதான் முக்கியமானது. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் 2017-ல் நடந்தது இதற்குச் சாட்சி. ஸ்ட்ரட்ஸ் என்ற சட்டகத்தில் இருந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே மருந்து வந்துவிட்டது. தங்களிடம் அது எங்கே இருக்கிறது என்று நிறுவனம் தேடியது, அகப்படவில்லை. மே மாதம் திருடர்களுக்கு அகப்பட்டது. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின.

மென்பொருளுக்குள் இருக்கும் பகுதிகளின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்று பங்குச் சந்தை அமைப்பான செபி 2024-ல் தன் ஆளுகைக்குட்பட்ட நிறுவனங்களுக்கு விதித்தது. அரசின் செர்ட்-இன் அமைப்பும் அதே ஆண்டு வழிமுறைகளை வெளியிட்டது. 2025 டிசம்பரில் ரியாக்ட் என்ற பிரபல சட்டகத்தில் மறுபடி ஒரு 10-க்கு 10 ஓட்டை வெளிவந்தபோது, பட்டியல் வைத்திருந்தவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை, திருத்தினால் போதும்.

பட்டியல் எழுதுவது அலுப்பான வேலை. அதற்குப் பதவி உயர்வு தருவாரில்லை. வாடிக்கையாளரும் தனியாகக் காசு தர மாட்டார். ஆனால் பத்து ரூபாய்ப் பெருங்காய டப்பாவிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை, பென்ஷன் பணத்தைக் காக்கும் மென்பொருளிடமும் கேட்கக் காகாவுக்கு உரிமை உண்டு.