திரையின் அளவும் எழுத்தின் அளவும்

திருவனந்தபுரம் ஆரியசாலையில், மொத்த வணிகக் கடை ஒன்றின் மேல்மாடி அறையில், வட்டெழுத்தை ஆராயும் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் இரவுதோறும் எழுத்துகளை அளந்துகொண்டிருந்தார். கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் முதல் பிற்கால வேணாட்டுக் கல்வெட்டுகள் வரை, ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் உயரத்தையும் பதிவுசெய்து, இரண்டுக்கும் உள்ள விகிதம் காலப்போக்கில் எவ்வாறு மாறிற்று எனக் காண்பதே அவர் நோக்கம். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகளின் வருடிய பக்கங்களைப் பெரிதாக்கி, அளவுகோலைத் திரைமீதே வைத்து அளந்தார். பகலில் துறையின் கணினி. இரவில் அறையில், பழைய பொருள் கடையில் வாங்கிய திரை.

எட்டு மாத உழைப்பில் ஒரு முடிவும் கிடைத்தது. பிற்கால எழுத்துகள் பக்கவாட்டில் விரிந்துள்ளன என்பதே அது. நெறியாளர் மகிழ்ந்தார், கருத்தரங்கிற்குச் சுருக்கமும் அனுப்பப்பட்டது.

ஓர் இரவு, வருடிய பக்கம் ஒன்றின் மூலையிலிருந்த நூலக முத்திரையில் அவர் கண் நின்றது. வட்டமாக இருக்கவேண்டிய முத்திரை முட்டை வடிவில் இருந்தது. அளந்தார்: அகலம் 40 மில்லிமீட்டர், உயரம் 30. மறுநாள் துறையின் கணினியில் அதே முத்திரை முழு வட்டமாக இருந்தது. விரிந்தவை எழுத்துகள் அல்ல, திரைதான்.

அந்தத் திரையின் இயல்பான அளவு 1366க்கு 768 பிக்சல்கள். கணினி அதற்கு அனுப்பிக்கொண்டிருந்ததோ 1024க்கு 768. உயரம் பொருந்தியது, அகலத்தைத் திரை தானே இழுத்து நிரப்பியது. 1366ஐ 1024ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.33. நாற்பதுக்கு முப்பது என்னும் விகிதமும் அதுவே.

கணினி ஏன் அந்த அளவைத் தேர்ந்தது? ஒவ்வொரு திரையும் தன் இயல்புகளை 128 பைட்டுகள் கொண்ட ஒரு குறிப்பாகத் தன்னுள் வைத்திருக்கிறது. வெசா அமைப்பு 1994இல் வகுத்த இக்குறிப்புக்கு ஈடிஐடி என்று பெயர். விஜிஏ கம்பியின் பதினைந்து ஊசிகளுள் 12ஆவதும் 15ஆவதும் இதைக் கணினிக்குக் கொண்டுசெல்கின்றன. அவருடைய கம்பியில் 12ஆம் ஊசி உடைந்திருந்தது. எதிரிலிருப்பது எத்தகைய திரை என அறியாத வரைகலை இயக்கி, எத்திரைக்கும் ஏற்கும் என்று நம்பத்தக்க ஓர் அளவில் நின்றுவிட்டது.

புதிய கம்பி கிடைக்கும்வரை, லினக்ஸில் சரியான திரைமுறையைத் தாமே எழுதிக் கொடுக்க முற்பட்டார். 1366, 768 என்னும் எண்களைக் கொடுத்து, நேரக்கணக்கைத் தரும் சிவிடி கட்டளையை இயக்கினால், அது 1368 என விடை தந்தது. அதன் வாய்பாடு அகலத்தை எட்டின் மடங்காகவே கொள்ளும். 1366 எட்டால் வகுபடாது. எனவே வெசா பட்டியலிலுள்ள நேரக்கணக்கைக் கையால் எழுதினார். ஒரு வரியில் காட்சிக்கு 1366 பிக்சல்கள், இடைவெளியும் சேர்த்து 1792. காட்சிக்கு 768 வரிகள், இடைவெளியும் சேர்த்து 798. மின்னணுக் கற்றை வரியின் இறுதியிலிருந்து தொடக்கத்திற்குத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தின் எச்சமே இந்த இடைவெளி. கற்றையே இல்லாத இன்றைய திரைகளிலும் அது தொடர்கிறது. நொடிக்கு 8.55 கோடி பிக்சல்கள் என்னும் வேகத்தை இவ்விரு மொத்தங்களின் பெருக்கற்பலனால் வகுத்தால் 59.79 கிடைக்கும், நொடிக்கு அத்தனை முறை திரை புதுப்பிக்கப்படும்.

எக்ஸ்ரேண்டர் கட்டளையால் அம்முறையை உருவாக்கி, விஜிஏ வாயிலுடன் இணைத்து, செயல்படுத்தினார். திரை ஒரு கணம் இருண்டு மீண்டது. முத்திரை வட்டமாயிற்று. கணினியை மூடித் திறந்தால் இவ்வமைப்பு மறைந்துவிடும் என்பதால், தொடக்கத்திலேயே இயங்குமாறு அதை ஒரு கோப்பில் எழுதிவைத்தார்.

திரை சரியாயிற்று, அட்டவணை சரியாகவில்லை. இரவில் எடுத்த அகலங்களை முக்காலால் பெருக்கினால் போதும் என முதலில் தோன்றியது. ஆனால் எந்த அளவு பகலில் எடுத்தது, எது இரவில் எடுத்தது என்ற குறிப்பு ஏட்டில் இல்லை. ஒன்று மட்டும் நினைவிருந்தது: செப்பேடுகளைப் பெரும்பாலும் துறையிலும், பிற்காலக் கல்வெட்டுகளைப் பெரும்பாலும் அறையிலும் அளந்திருந்தார். வேணாட்டில் எழுத்து விரிந்த வரலாறு, பல்கலைக்கழகத்திலிருந்து ஆரியசாலைக்கு அவர் இரவில் திரும்பிய வரலாறுதான்.

நெறியாளரிடம் முழுவதையும் சொன்னார். கருத்தரங்கச் சுருக்கம் திரும்பப் பெறப்பட்டது. கண்டிப்பார் என எதிர்பார்த்த நெறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “திரையை ஏன் அளந்தீர்கள்? படத்தை அல்லவா அளந்திருக்க வேண்டும்?” படக்கோப்பில் ஓர் எழுத்து எத்தனை பிக்சல் அகலம் என்பதை எந்தத் திரையும் மாற்றாது. மென்பொருளால் அக்கோப்பை அளந்திருந்தால், உடைந்த ஊசி அவரது கண்ணை உறுத்தியிருக்குமேயன்றி ஆய்வைத் தொட்டிருக்காது.

அளவுகள் இப்போது முதலிலிருந்து எடுக்கப்படுகின்றன. புதிய ஏட்டில் மூன்று பத்திகள் கூடியுள்ளன: நாள், கணினி, படக்கோப்பின் பெயர். வட்டெழுத்து விரிந்ததா இல்லையா என்பதற்கு அவரிடம் இன்று விடை இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் திறந்ததும், எழுத்துக்கு முன்பாக, மூலையிலுள்ள முத்திரையை அவர் பார்த்துக்கொள்கிறார்.